மாப்பிள்ளை இறங்கிய துறைமுகம்

கப்பலில் உல்லாசப் பயணம் போகிறவர்களுக்கு எல்லாக் கவலையும் கப்பலைப் பற்றித்தான். எத்தனை மாடி, அறையில் ஜன்னல் உண்டா, நீச்சல் குளத்துத் தண்ணீர் சுடுமா என்று மாதக்கணக்கில் பேசித் தீர்ப்பார்கள். விமானம் இறங்கும் இடத்துக்கும் கப்பல் நிற்கும் இடத்துக்கும் நடுவில் ஒரு ரோடு இருக்கிறது, அதில் யாராவது வண்டி வைத்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது கடைசி வாரத்தில்தான் உறைக்கும். அந்த ரோடுதான் மிளகாயின் பிழைப்பு.

மிளகாய் என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் என்ன நடக்கும் என்று தெரிந்ததால்தான் அந்தப் பெயரே வந்தது. ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறைகள். ஜன்னல் உள்ள அறையில் டிக்கெட் போடுகிறவர்கள் இருந்தார்கள். ஜன்னல் இல்லாத அறை இவளுக்கு. சுவரில் துறைமுகங்களின் வரைபடங்களை ஒட்டி வைத்திருந்ததால் அவள் அறையில் சுண்ணாம்பு என்ன நிறம் என்று யாருக்கும் தெரியாது. வெளிநாட்டுக் கடல் ஒன்றையும் அவள் கண்ணால் கண்டதில்லை. ஆனால் எந்த விமான நிலையத்தில் எந்த வாசலில் டிரைவர் அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார், எந்தத் துறைமுகத்தில் பெட்டியை எவ்வளவு தூரம் தள்ள வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

அவள் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள் அவள்தான். அதனால் அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று விசாரிக்கும் உரிமை சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் வந்துவிட்டது. அதில் முதல் ஆள், அக்காவின் நாத்தனாரைக் கட்டியவர். அக்கா புகுந்த வீட்டுக்கு அவர் ஒரே மாப்பிள்ளை. இருந்தாலும் பெரிய மாப்பிள்ளை என்றுதான் சொல்வார்கள். ஆள் அப்படி நடந்துகொள்வார்.

"டிகிரி வாங்கிட்டு வண்டி பிடிச்சுக் குடுக்கிற வேலையாம்மா?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பார். கூடவே, சும்மா தமாஷுக்கு என்பார். சுற்றி இருக்கிறவர்கள் எல்லாரும் சிரித்தாக வேண்டும். மிளகாய் மட்டும் சிரிக்க மாட்டாள். அவள் சிரிக்காததற்கு அவள் அக்காவுக்கு வீட்டில் அர்ச்சனை நடக்கும்.

அந்த வீட்டின் சட்டம் ஒன்றே ஒன்று. மாப்பிள்ளை செய்தது தப்பு என்று வாயைத் திறந்து சொல்ல அங்கே ஆள் கிடையாது. அவர் காரைத் தப்பான சந்தில் விட்டால், இந்தச் சந்தை யார் இங்கே கொண்டுவந்து வைத்தது என்று கேட்பார்கள். அவர் வீட்டைப் பூட்டாமல் வந்துவிட்டால், காற்றோட்டத்துக்கு நல்லது என்பார்கள். அக்காவின் மாமியார் யாருக்கும் பயப்படாத பெண்மணி. பால்காரர் முதல் பேங்க் மேனேஜர் வரை அவர் குரலுக்கு நடுங்குவார்கள். மாப்பிள்ளை முன்னால் மட்டும் அவருக்குக் குரல் பாதியாகிவிடும். பெண்ணைக் கொடுத்த இடம் அல்லவா.

அந்தக் குடும்பம்தான் ஆறு பேராகக் கப்பலுக்குக் கிளம்பியது. மாமனார், மாமியார், நாத்தனார், மாப்பிள்ளை, அக்கா, அக்கா கணவர். கப்பல் சீட்டை மாப்பிள்ளை போட்டார். ரோட்டு வேலை மட்டும், நம்ம வீட்டுப் பொண்ணுதானே என்று மிளகாயின் தலையில் விழுந்தது. அவள் ஆறு பேரும் அவர்கள் பெட்டிகளும் தாராளமாக உட்காருகிற வேன் ஒன்றுக்குச் சொல்லி வைத்தாள். கப்பல் ஏறுகிற வெளிநாட்டு ஊரில் இரண்டு துறைமுகங்கள். பழையது ஊருக்குள்ளேயே இருப்பது. இப்போது அங்கே படகுகள் மட்டும் வந்து போகும். பெரிய கப்பல்கள் நிற்பது விரிகுடாவுக்கு அந்தப் பக்கம், புதியதில். போக வேண்டியது புதுத் துறைமுகம் என்று கொட்டை எழுத்தில் எழுதி ஆறு பேருக்கும் தனித்தனியாக அனுப்பினாள்.

கிளம்புகிற அன்று அக்கா போன் செய்து அவளிடம் ஒரு சத்தியம் வாங்கினாள்.

"எது பிசகினாலும் என் தலைதான்டீ உருளும். உன் தங்கச்சி ஏற்பாடுன்னு காலம் பூரா சொல்லிக் காட்டுவாங்க. அதனால என்ன ஆனாலும் சரி, அந்த அண்ணாகிட்ட மட்டும் நீ வாயை விடக் கூடாது."

வாயை விடாமல் இருப்பது அவளுக்குப் பரீட்சையைவிடக் கஷ்டம். ஆனாலும் சத்தியம் செய்தாள்.

மறுநாள் மத்தியானம் அந்த ஊர் வண்டிக்காரரிடமிருந்து செய்தி வந்தது. வேன் துறைமுகம் போய்ச் சேர்ந்துவிட்டது. பெட்டிகள் எல்லாம் பத்திரம். ஆட்கள் மூன்று பேர்.

மிளகாய் அக்காவைக் கூப்பிட்டாள். அக்கா குரலைத் தணித்துக்கொண்டு கதையைச் சொன்னாள். விமான நிலையத்து வாசலில் மாப்பிள்ளையின் சிநேகிதர் ஒருவர் புதுக் காரோடு நின்றிருக்கிறார். அந்த ஊரில் குடியேறியவர். மாப்பிள்ளை அவரை முன்கூட்டியே வரச் சொல்லி, ஒருவரிடமும் மூச்சு விடாமல் வைத்திருந்திருக்கிறார். வேன்ல போறதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று சொல்லி, பெண்டாட்டியையும் மாமியாரையும் காரில் ஏற்றிக்கொண்டார். பெட்டிகளும் பெட்டிகளுக்குச் சமமான மற்ற மூன்று பேரும் வேனில் வந்தார்கள். முன்னால் கிளம்பிய காரைத்தான் காணோம்.

"எந்தத் துறைமுகம்னு சிநேகிதர் கேட்கலையா?"

கேட்டாராம். புதுசா, பழசா என்று தெளிவாகவே கேட்டாராம். எங்க போனாலும் பழசுதான்யா ஒரிஜினல் என்று மாப்பிள்ளை சொன்னது வேன் வரைக்கும் கேட்டதாம். மாமனார் காதிலும் விழுந்ததாம். அவர் ஆகாயத்தைப் பார்த்தாராம்.

"சரி, நீங்க மூணு பேரும் உள்ள போய் உட்காருங்க."

"எப்படிடீ போறது? எல்லார் பாஸ்போர்ட்டும் அண்ணா இடுப்புப் பையில இருக்கு."

மிளகாய்க்குக் காது சூடானது. இன்னும் ஒரு மணி நேரத்தில் கப்பலுக்கு ஆள் ஏற்றுவதை நிறுத்திவிடுவார்கள். பிறகு மாமனாரே போய் அழுதாலும் கதவு திறக்காது. பழைய துறைமுகத்திலிருந்து விரிகுடாவைச் சுற்றிக்கொண்டு ரோட்டில் வந்தால் அந்த நேரம் போதாது. அவள் மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள்.

மாப்பிள்ளை நிம்மதியாக இருந்தார். பின்னணியில் கடல் காக்கைகள் கத்தின. காபி உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நாங்க வந்து ரொம்ப நேரமாச்சும்மா. கப்பல்தான் லேட்டு."

நகரம் மாதிரி ஒரு கப்பல், மீன்பிடிப் படகுகளுக்கு நடுவே வந்து நிற்கும் என்று ஒரு மனிதர் காபி குடித்துக்கொண்டே காத்திருக்கிறார். மிளகாயின் நாக்கு நுனியில் மூன்று வாக்கியங்கள் வரிசையில் நின்றன. மூன்றும் அருமையானவை. அவற்றில் எதைச் சொன்னாலும் மாப்பிள்ளை முறுக்கிக்கொண்டு அங்கேயே நின்றுவிடுவார். அப்புறம் அக்காவுக்கு அந்த வீட்டில் சோறு இறங்காது. ஒரு நிமிஷத்தில் கூப்பிடுவதாகச் சொல்லிப் போனை வைத்தாள்.

சுவரில் அந்த ஊரின் வரைபடம் கதவுக்குப் பின்னால் இருந்தது. நீலத்தின் குறுக்கே ஒரு புள்ளிக்கோடு. பழைய துறைமுகத்திலிருந்து அக்கரைக்குப் போகும் பயணிகள் படகு. கப்பலில் வேலை செய்கிறவர்கள் ஊருக்குள் வந்து திரும்புவது அதில்தான். ரோட்டில் போகும் நேரத்தில் கால்வாசிகூட ஆகாது. வண்டிக்காரரைப் பிடித்து, வேனை அக்கரைப் படகுத்துறைக்குப் போய் நிற்கச் சொன்னாள். பிறகு மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக அந்த மனிதரிடம் தேன் ஒழுகப் பேசினாள்.

"அண்ணா, கப்பல் பெரிசு இல்லையா, நீங்க நிக்கிற கரைக்கு வராது. அங்கேர்ந்து படகுல கூட்டிட்டுப் போய் ஏத்துவாங்க. ஏற்பாட்டுலயே இருக்கு. இப்ப ஒரு நீலப் படகு கிளம்பும் பாருங்க."

"அதானே பார்த்தேன்" என்றார் மாப்பிள்ளை. பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "படகுன்னா... எவ்வளவு பெரிசு?"

சின்னதுதான் என்றாள். அவர் யோசித்தார். தனக்கு ஒன்றும் பயமில்லை என்றார். அத்தைக்கு வயதாகிவிட்டது, அதற்காகத்தான் பார்க்கிறேன் என்றார். கப்பலில் போகிறவன் எதற்குப் படகில் போக வேண்டும், கப்பல் கம்பெனிக்காரன் நாலு அடி இப்படி வந்தால் குறைந்தா போவான் என்றும் கேட்டார். ஒரு வாரம் கடல் நடுவில் கிடப்பதற்காக ஊரைக் கூட்டிக்கொண்டு வந்தவருக்கு, தண்ணீர் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தால் ஆகாது போலிருக்கிறது.

பேச்சுக்கு நடுவே போன் கை மாறியது. மாமியார்.

"நீலப் படகா சொன்ன?"

"ஆமா அத்தை. நீங்க போய் உட்காருங்க. எல்லாரும் பின்னாலயே வருவாங்க."

"வராம என்ன" என்று சொல்லிவிட்டு மாமியார் நடந்தார். செருப்புச் சத்தம் பலகையில் கேட்டது. தூரத்தில் மாப்பிள்ளை, அத்தை, அத்தை என்று கூப்பிடுவது கேட்டது. அப்புறம் லைன் அறுந்துவிட்டது.

முதலாளி தலையை நீட்டி என்னம்மா என்றார். ஒண்ணுமில்லை என்றாள். சொன்ன விதத்தில் அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அவள் அந்தச் சின்ன அறையில் நடந்தாள்; நடப்பதற்கு அங்கே இடமில்லை, அதனால் திரும்பித் திரும்பி நின்றாள் என்று சொல்வதுதான் சரி. ஏறாமல் கரையிலேயே நின்றுவிட்டால்? அவர் நின்றால் நாத்தனாரும் நிற்பார். பாஸ்போர்ட்டும் நிற்கும். அக்காவின் வாழ்க்கை ஒரு ஆளின் இடுப்பில் தொங்குகிறதே என்று நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்கரையிலிருந்து வண்டிக்காரர் கூப்பிட்டார். படகில் வந்த மூன்று பேரும் வேனில் ஏறிவிட்டார்கள். வயதான அம்மா முன்னால் நின்று காற்று வாங்கிக்கொண்டு வந்தார். கூட வந்த ஆள் படகின் நடுக்கம்பத்தைக் கட்டிப் பிடித்திருந்தார். கரை வந்த பிறகும் கொஞ்ச நேரம் விடவில்லை.

கதவு மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஆறு பேரும் கப்பலுக்குள் போனார்கள். மிளகாய் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். குடித்து முடிப்பதற்குள் அக்கா மறுபடி கூப்பிட்டாள்.

"ஆரம்பிச்சுட்டார்டீ" என்று கிசுகிசுத்தாள். கப்பலின் மேல்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பெட்டிகளோடு வேன் தன்னிஷ்டத்துக்கு வேறு பக்கம் போய்விட்டதாக மாப்பிள்ளை சொல்லிக்கொண்டிருக்கிறாராம். படகில் ஏற வேண்டும் என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லியிருந்தால் இந்த அலைச்சல் உண்டா, உன் தங்கச்சிக்குப் படிப்பு இருக்கு, பொறுப்பு இல்லை என்கிறாராம். நாத்தனார் தலையாட்டுகிறாராம்.

"போனை அவர்கிட்ட குடு."

"சத்தியம் பண்ணியிருக்க."

"அக்கா, குடுன்னா குடு."

போன் வேறு கைக்குப் போனது. ஆனால் வந்தது மாமியாரின் குரல்.

"அந்தப் படகு உன் ஏற்பாட்டுல இருந்துச்சா?"

சத்தியம் செய்தது மாப்பிள்ளையிடம் வாயை விடக் கூடாது என்றுதான். மாமியார் கணக்கில் இல்லை. "இல்லை அத்தை" என்றாள்.

"தெரியும். நீ அனுப்பினதுல புதுத் துறைமுகம்னுதான் இருந்துச்சு. கார்ல ஏறும்போதே எடுத்துப் பார்த்தேன்."

"பார்த்துட்டு ஏன் சொல்லலை?"

கேட்ட பிறகுதான், யாரிடம் கேட்டோம் என்பது மிளகாய்க்கு உறைத்தது. அக்கா எங்கேயோ அருகில் நின்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பாள்.

"சொல்லிப் பழக்கமில்லைம்மா" என்றார் மாமியார் கடைசியில்.

"எங்க அக்காவுக்கும் பேச்சுக் கேட்டுக்கிட்டே இருந்து பழக்கமாயிடுச்சு அத்தை."

போனை எதன் மேலோ வைக்கும் சத்தம் கேட்டது, அணைக்கவில்லை. தெரிந்து அணைக்கவில்லையா, தெரியாமலா என்று மிளகாயால் சொல்ல முடியவில்லை. முதலாளி எப்போது பக்கத்தில் வந்து நின்றார் என்பதும் தெரியவில்லை. அவரும் காதைக் கொடுத்தார்.

மாமியார் தொண்டையைச் செருமினார். பேங்க் மேனேஜரிடம் பேசுகிற குரல் அது.

"மாப்பிள்ளை, அந்தப் பொண்ணு சரியாத்தான் சொல்லியிருந்தா. தப்பான இடத்துக்குப் போகச் சொன்னது நீங்க. தெரிஞ்சும் வாயை மூடிட்டு வந்தது நான். இதுல இவளை இழுக்காதீங்க."

நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது. முதலில் சிரித்தவர் மாமனார். பல வருஷத்துச் சிரிப்பு, இருமலில் போய் முடிந்தது. அவர் இருமி ஓய்ந்ததும் மாப்பிள்ளை, "காபி யாருக்கெல்லாம் வேணும்?" என்று கேட்டார். அவர் எழுந்து போய் யாருக்காவது எதையாவது வாங்கி வருவது அக்காவுக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. எனக்கு ஒண்ணு அண்ணா என்று அக்கா சொல்வது மிளகாயின் காதில் தெளிவாக விழுந்தது.