பன்னிரண்டு மட்டைகள்

எட்டு மாதம் கழித்து அந்த ஞாயிற்றுக்கிழமை தமயந்தி ஹாக்கி ஆடக் கிளம்பினாள். போவதா வேண்டாமா என்ற யோசனை முதல் நாளே தீர்ந்துவிட்டது. எந்த மட்டையோடு போவது என்பதுதான் தீரவில்லை.

ஒன்று கணவர் செந்தில்நாதனின் மரமட்டை. நெய்வேலி சுரங்கத்தில் ஷிப்ட் முடித்த கையோடு வந்து அவர் இருபது வருஷம் ஆடியது. இன்னொன்று, அவளுடைய பழைய மட்டை பிளந்துபோனதும் அவளுக்கென்று அவர் வாங்கிய, கார்பன் நார் கலந்த காம்போசிட் மட்டை. அதை வாங்கிய மூன்றாம் வாரம், நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. அந்த மட்டை ஒரு பந்தைக்கூடத் தொட்டதில்லை.

புதியதை எடுத்தால் அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போவதுபோல் இருந்தது. மரத்தை எடுத்தால் ஐம்பத்திரண்டு வயது மணிக்கட்டு அந்தக் கனத்தைத் தாங்காது. கடைசியில் இரண்டையும் ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அவர்கள் ஆடும் மைதானத்தில் அணி பிரிக்க ஒரு வழக்கம் உண்டு. ஆபீசர், கான்ட்ராக்ட் தொழிலாளி என்று ஆள் பார்த்து யாரும் யாரையும் எடுக்கக் கூடாது. எல்லா மட்டைகளையும் நடுவில் குவிப்பார்கள். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று போடுவார். மட்டை விழுந்த பக்கம்தான் அதன் ஆள்.

"வாங்கக்கா, வாங்க!" என்று ஓடி வந்த சக ஆட்டக்காரன் ராயப்பன், அவள் கையிலிருந்த இரண்டையும் வாங்கிக்கொண்டு போய்க் குவியலில் போட்டான். அவளைப் பார்த்த சந்தோஷத்தில் எத்தனை என்று கவனிக்கவில்லை. அவள் ஸ்கூட்டியைப் பூட்டிவிட்டு வருவதற்குள் குவியல் கலந்துவிட்டது.

பிரித்து முடித்து, தமயந்தி தவிர மற்றவர்கள் அவரவர் மட்டையை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் ஒவ்வொரு மட்டை கீழேயே கிடந்தது.

"பன்னெண்டு ஸ்டிக்கு, பதினோரு பேரு. யாருய்யா ஸ்டிக்கைப் போட்டுட்டு டீ குடிக்கப் போனது?" என்றான் ராயப்பன்.

"நீ கண்ண மூடிக்கினு எண்ணியிருப்பே," என்றார் குமரவேல்.

இசைப்பிரியாதான் மரமட்டையை அடையாளம் கண்டாள். "செந்தில் அண்ணனோடது," என்றாள்.

"என் தப்புதான். எதுன்னு முடிவு பண்ண முடியாம ரெண்டையும் கொண்டாந்துட்டேன்," என்றாள் தமயந்தி.

ராயப்பன் தலையைச் சொறிந்தான். "அதனால என்னக்கா? முதல் பாதி மரத்தோட அந்தப் பக்கம் ஆடுங்க, அடுத்த பாதி புதுசோட எங்க பக்கம். யாரு தோத்தாலும் நீங்கதான் தோத்தீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். யாரும் ஐயோ பாவம் என்று பார்க்கவில்லை. அதுவே அவளுக்குப் பெரிய உபகாரமாக இருந்தது.

முதல் பாதியில் மரமட்டை அவளுக்கு வசப்படவில்லை. பந்து கடந்துபோன பிறகே மட்டை வந்து சேர்ந்தது. மணிக்கட்டு விண்ணென்று வலித்தது.

இரண்டாம் பாதியில் புதியதை எடுத்தாள். எதிரே குமரவேல் ஓங்கி அடித்தார். கை அதிரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு மட்டையை வைத்தாள். அதிரவில்லை. பந்து மெத்தென்று வந்து ஒட்டி நின்றது.

சென்னைக் கடையில் நடந்தது அப்போதுதான் விளங்கியது. "இதுல கார்பன் கம்மி சார், பந்து தூரம் போவாது," என்றார் கடைக்காரர். "தூரம் வேணாங்க. அவ கை வலிக்கக் கூடாது," என்றார் செந்தில்நாதன். மலிவாகப் பார்த்து எடுக்கத்தான் அப்படிச் சாக்குச் சொல்கிறார் என்று நினைத்து, பஸ்ஸில் நெய்வேலி வரை அவள் அவரோடு பேசவே இல்லை. அவரும் மேற்கொண்டு விளக்கம் சொல்லவில்லை.

"யக்கா! பந்த வச்சிக்கினு அடைகாக்குறீங்களா? தள்ளுங்க!" ராயப்பன் கத்தினான்.

அவர் போனதிலிருந்து அவளிடம் எல்லோரும் தணிந்த குரலில்தான் பேசினார்கள். இப்படி ஒருவன் கத்தியது காதுக்கு இனிமையாக இருந்தது. சிரித்துக்கொண்டே தள்ளினாள்.

ஆட்டம் முடிந்ததும் அவன் கேட்டான்: "அடுத்த வாரம் எந்த ஸ்டிக்கு அக்கா?"

"இதுதான்டா. உங்க அண்ணன் என் கையைப் பார்த்து வாங்குனது."