மாடி ஜன்னலில் தொங்கிய பை

இறுதித் தேர்வு முடிவைச் சொல்லப் பள்ளியிலிருந்து போன் வந்தபோது நான் உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தேன். மகள் ஃபெம்கே போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றாள். பிறகு "பாஸ்!" என்று அவள் கத்திய கத்தலில், கொல்லைப்புறம் நின்ற காவலர் யோரிஸ் துப்பாக்கியில் கைவைத்தபடி உள்ளே ஓடிவந்துவிட்டார். சந்தோஷம்கூட எங்களுக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தது.

அது எங்கள் வீடும் இல்லை. என் மனைவி வில்லமைன் அமைச்சர், லிபரல் கட்சிக்காரி. துறைமுகத்தில் போதைப்பொருள் இறக்கும் கும்பல்களின் சொத்தைப் பறிக்க மசோதா கொண்டுவந்தாள். அன்று தொடங்கியது மிரட்டல். ராட்டர்டாம் வீட்டைப் பூட்டிவிட்டு இந்தச் சிற்றூரில் வேறு பெயர்களில் ஒளிந்திருந்தோம். இங்கே ஃபெம்கேவுக்குப் பெயர் லீசா. வில்லமைன் இருட்டுக் கண்ணாடிக் காரில் வருவாள், போவாள். அவள் முகத்தை ஊரில் யாரும் பார்த்ததில்லை. சைக்கிளில் வீடுவீடாகப் போய் வாக்குக் கேட்டு நகரமன்றத்துக்குள் நுழைந்தவள், "என் வீட்டு ஜன்னலுக்குத் திரை போடமாட்டேன்" என்று மேடைக்கு மேடை முழங்கியவள், இப்போது திரைக்குப் பின்னால் சாப்பிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மசோதா மீது வாக்கெடுப்பு. அதற்குள் அவள் பதவியை விட்டுவிட மாட்டாளா என்று நான் ஏங்கிக்கொண்டிருந்தேன். மசோதா எக்கேடு கெட்டால் எனக்கென்ன? எனக்கு இவர்கள் இருவரும் உயிரோடு வேண்டும்.

"கொடி எங்க?" என்று வில்லமைன் கேட்டாள்.

"விளையாடாத."

"தெருவுல பாரு, எத்தன வீட்டுல பறக்குது! பிள்ளை பாஸான வீட்டுல தேசியக் கொடியும் ஸ்கூல் பையும் தொங்கலன்னாதான் சந்தேகப்படுவாங்க."

"வேணாம்மா, எனக்குப் பயமா இருக்கு" என்றாள் ஃபெம்கே.

"எல்லாத்தையும்தான் மூடி வச்சாச்சு. உன் கொடியையும் மடிச்சு வைக்கணுமா? முடியாது."

யோரிஸாவது தடுப்பார் என்று பார்த்தேன். அவரோ, "எங்க பையன் பாஸானப்ப நாங்களும் தொங்கவிட்டோம் சார்" என்று பல்லைக் காட்டிக்கொண்டு கொடிக்கம்பைப் பிடிக்கப் போய்விட்டார். இவருக்கெல்லாம் பயிற்சி வேறு! வில்லமைன் என் மழைத்தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு மாடி ஜன்னலில் கொடியைச் செருகினாள். நுனியில் பையை மாட்டினாள். ஆரஞ்சு நிறப் பை. அதில் ஃபெம்கே தன் கையால் வரைந்த வெள்ளை வாத்து. அம்மாவும் மகளும் சைக்கிளில் போகும் படம் ஒருமுறை பத்திரிகைகளில் வந்தபோது, அந்த வாத்தும் கூடவே வந்திருந்தது. எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

எதிர்வீட்டுக்காரர் கொடிகள் பறக்கும் தெருவைப் படமெடுத்து இணையத்தில் போட்டது எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

சனிக்கிழமை நண்பகலில் குப்பைத்தொட்டியை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தேன். ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். நரைத்த தலை, கூடையில் பூங்கொத்து. பிள்ளை பாஸானால் அப்பனுக்கும் கைகொடுப்பது எங்கள் வழக்கம், ஊரே கொடுத்திருந்தது. நானும் கையை நீட்டினேன்.

"வாழ்த்துகள் சார்." பிடித்த கையை அவர் விடவில்லை. அண்ணாந்து பையைப் பார்த்தார். "ஃபெம்கே பாஸாயிட்டா, ரொம்ப சந்தோஷம். அவங்க அம்மாகிட்டயும் சொல்லிடுங்க. செவ்வாய்க்கிழமைக்கு முன்னாடியே சொல்லிடுங்க."

கையை விட்டார். தெருமுனையில் சாலை விதிப்படி ஒழுங்காகக் கைகாட்டித் திரும்பிப் போனார்.

அந்த ஊரில் அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. குப்பைத்தொட்டியை அங்கேயே விட்டுவிட்டு யோரிஸிடம் ஓடினேன்.

கைக்கு அகப்பட்டதை அள்ளிக்கொண்டு காரில் ஏறினோம். வில்லமைன் மாடியைப் பார்த்தாள். "பைய மட்டும் எடுத்துக்கறேனே."

"தொடாதீங்க மேடம்." யோரிஸின் முகம் வெளிறியிருந்தது. "நாம இன்னும் உள்ளதான் இருக்கோம்னு அவங்க நினைக்கட்டும்."

நெடுஞ்சாலையில் ஏறியதும் அவள் போனை எடுத்தாள். "கட்சித் தலைவர்கிட்ட சொல்லிடறேன். விலகிக்கறேன். போதும்."

நான் ஏங்கிக்கிடந்த வார்த்தை. அப்பாடா என்று இருந்தது. ஆனால் ஃபெம்கே, "அப்ப எதுக்கும்மா கொடி ஏத்துன? நான்தான் வேணாம்னு சொன்னேனே!" என்றாள்.

வில்லமைன் மகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு போனை அணைத்துக் கைப்பைக்குள் போட்டுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மசோதா நிறைவேறியது. நாடாளுமன்ற மண்டபத்தில் வரிசையாக வந்து அவளுக்குக் கைகொடுத்தார்கள். அடுத்து, வழக்கப்படி, எனக்கு. "உங்க மனைவிக்கு வாழ்த்துகள்!" நீண்ட ஒவ்வொரு கையையும் தொடுமுன் முகத்தைப் பார்த்தேன். கடைசியில் முன்பின் தெரியாத ஒருவர் வந்தார். என் கை கோட்டுப் பாக்கெட்டை விட்டு வெளியே வரவில்லை.

"பொண்ணு பாஸாயிட்டாளாமே! ஃபெம்கே நல்லா இருக்காளா?"

பாவம், மரியாதைக்குத்தான் கேட்டார்.

"அப்படி யாரும் எங்க வீட்டுல இல்லீங்க" என்றேன்.