ஈட்டுக் கழுதை

கொரியாவின் பெரிய வங்கி ஒன்றில் நூற்றிருபது வருடங்களுக்கு முன் ஈடு வைக்கப்பட்ட கழுதை, போன வருடம் மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு இலங்கையின் ஏறாவூரில் வந்து இறங்கியது. அதற்கு வயது நான்கு. ஈட்டுப் பத்திரத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது; பத்திரத்தை எவரும் மீட்காததால் கழுதையும் நான்கைத் தாண்டவில்லை. குளிரூட்டிய லொறியில் அதைக் கொண்டுவந்த சாரதி, ஹப்ஸாவிடம் மூன்று இடங்களில் கையொப்பம் வாங்கிக்கொண்டு தேத்தண்ணி கூடக் குடிக்காமல் திரும்பிப் போனான். ஹப்ஸா இத்தா முடித்து அன்றோடு ஒன்பது நாள். புருசன் மௌத்தானால் பெண் வீட்டுக்குள் இருக்கவேண்டிய நான்கு மாதமும் பத்து நாளும் போய், அவள் மறுபடி வெயிலைப் பார்க்கத் தொடங்கியிருந்த நேரம்.

அந்தக் கழுதையைப் பற்றி அவளுக்கு முன்பே தெரியும். அவளுடைய புருசன் பஹ்மி கொரியாவிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பேசும்போதெல்லாம் அதைப் பற்றிச் சொல்வான். அந்த நாட்டில் ராசா இருந்த காலத்தில், வெளியூர் வியாபாரி ஒருவன் புதிதாகத் திறந்த வங்கிக்குக் கடன் கேட்டு வந்தான். ஈடு வைக்க நிலமில்லை, வீடில்லை, ஏறி வந்த கழுதைதான் இருந்தது. வங்கி அதை வாங்கிக் கட்டிக்கொண்டு கடனைக் கொடுத்தது. வியாபாரி திரும்பி வரவில்லை. பிறகு வேறு நாட்டான் வந்து ஆண்டான், வங்கியின் பெயர் மாறியது. யுத்தம் வந்தது, தலைநகரம் எரிந்தது, வங்கியின் பேரேடுகளைத் தெற்கே சுமந்துபோய்க் காப்பாற்றியது அந்தக் கழுதை. யுத்தம் முடிந்து வங்கி உருக்காலைக்கும் கப்பல் கட்டுவதற்கும் கடன் கொடுத்து நாற்பது மாடிக்கு உயர்ந்தது. தொண்ணூற்றேழில் நாடே கையேந்தி நின்றபோது, சனங்கள் கலியாண மோதிரத்தைக் கழற்றிக் கொடுக்க வரிசையில் நின்றார்கள். வங்கி வேறு இரண்டு வங்கிகளை விழுங்கி, நாலாயிரம் பேரை வேலையிலிருந்து நிறுத்தியது. கழுதையை நிறுத்தமுடியவில்லை. அது ஊழியரல்ல, சொத்து. சொத்துக்குத் தீனி போடுவதை அந்த வங்கி ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

பஹ்மி கொரிய மொழிப் பரீட்சையை இரண்டாம் முறை எழுதிச் சித்தியடைந்து, ஹப்ஸாவையும் மகளையும் ஊரில் விட்டுப் போனவன். வாகன உதிரிப்பாகம் அழுத்தும் பட்டறை ஒன்றில் வேலை. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காக ஞாயிறும் திறக்கும் கிளையில்தான் அவனுடைய கணக்கு. கழுதையையும் அந்தக் கிளையின் பின்புற மண்டபத்தில்தான் வைத்திருந்தார்கள். பழைய காவலாளி ஓய்வுபெற்ற பின் அது எவர் கையிலும் தின்னாமல் கிடந்தது. பணம் அனுப்பப் போன பஹ்மி, பாவம் பார்த்து ஒரு பிடி வைக்கோலை நீட்ட, தின்றது. அதன் பின் இரண்டு வருடம் ஒவ்வொரு ஞாயிறும் போய், கிழமைக்கு வேண்டிய முழுத் தீனியையும் ஒரே நாளில் கொடுத்துவிட்டு வந்தான். விசாவில் இரண்டாம் வேலைக்கு இடமில்லை என்பதால் சம்பளம் இல்லை. வருடத்துக்கு ஒரு கலண்டரும் ஒரு சவர்க்காரப் பெட்டியும் கொடுத்தார்கள்.

பட்டறையில் வேலையை வேகப்படுத்த அழுத்து இயந்திரத்தின் பாதுகாப்புக் கருவியை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒரு புதன்கிழமை இயந்திரம் பஹ்மியின் மேல் இறங்கியது. ஆணி அடித்த பெட்டியில் மையித்து வந்தது. வங்கியிலிருந்த காசு வரவில்லை. ஹப்ஸாவின் பெயர் விவாகப் பதிவில் ஓர் எழுத்தாகவும் அடையாள அட்டையில் வேறோர் எழுத்தாகவும் இருந்ததால், வங்கியின் கணக்கில் அவர்கள் இரண்டு பெண்கள். மூன்று தரம் கடதாசி அனுப்பினாள், மூன்று தரமும் திரும்பி வந்தது. இதற்கிடையில் கழுதை தீனியை விட்டது. பஹ்மியின் வீட்டு ஆட்களின் கையில் அது தின்னும் என்று வங்கி கணித்து, அவனுடைய கணக்கில் இருந்த முகவரிக்கே அனுப்பியது.

ஹப்ஸா அதைத் தளம் போடாத புது வீட்டின் முன்னறையில் கட்டினாள். தண்ணீர் வைத்தாள், தீனி வைக்கவில்லை. அயலவர்கள் வாவிக்கரைப் புல் கொண்டுவந்து நீட்டினார்கள். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஐந்தாம் நாள் கொரியாவிலிருந்து சொய் என்ற அதிகாரி வெப்பமானியும் கமெராவுமாக வந்தார். கொரியாவில் எட்டு வருடம் இருந்துவிட்டு வந்த நௌஷாட் மொழிபெயர்த்தான்.

"ராத்தா, ஏன் தீனி குடுக்கல்ல எண்டு கேக்காரு."

"என்ட மனிசன்ட காசு எங்க எண்டு நான் கேட்டதெண்டு சொல்லு தம்பி."

சொய் தலை குனிந்து வெகுநேரம் பேசினார். நௌஷாட் அதைச் சுருக்கினான்.

"அது வேற பகுதியாம் ராத்தா. இவரு கழுதப் பகுதியாம்."

"அப்ப அந்தப் பகுதி ஆள வரச் சொல்லு. வாற வரைக்கும் இது பட்டினிதான் கிடக்கும்."

சொய் மட்டக்களப்பு டவுனில் அறை எடுத்துத் தங்கி, தினமும் காலையில் வந்து கழுதையின் நிறையை எழுதிக்கொண்டு போனார். நிறை குறையக் குறைய, நாற்பதாம் மாடியிலிருந்து தொலைபேசி வருவது கூடியது. நூற்றிருபது வருடத்துப் பேரேட்டின் முதல் வரி அந்தக் கழுதை. அது போனால் கீழே உள்ள வரிகள் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகச் சரியும் என்று அங்கே பயந்தார்கள். எழுத்துப் பிழையை விட்டுக்கொடுத்துக் காசை அனுப்புவதைப் பற்றிக் கூட்டம் கூடினார்கள்.

"பயந்துட்டானுகள் ராத்தா," என்றான் நௌஷாட். "இன்னும் ரெண்டே ரெண்டு நாள். மனச விட்டுராதீங்க."

மறுநாள் ஹப்ஸா முன்னறையைக் கூட்டப் போனாள். கழுதை விலா எலும்பு தெரியப் படுத்திருந்தது. அவளுக்கு ஆத்திரம் வந்தது.

"என்ன பாக்காய்? அவரு மௌத்தாப் போயிட்டாரு. ஒனக்கு ஒருத்தரும் சொல்லல்லயா?"

ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. கழுதை எழுந்தது. கால்கள் நடுங்க அவள் பக்கம் திரும்பி, முன்னங்கால்களை மடித்து நெற்றி தரையில் படக் குனிந்தது. எழுந்து, இன்னொரு தரம் குனிந்தது. செத்த வீட்டில் கொரியாக்காரர் அப்படித்தான் இரண்டு தரம் குனிவார்கள் என்று நௌஷாட் பிறகு சொன்னான். அந்த வங்கியிலிருந்து அவளிடம் மௌத்து விசாரித்தது அது ஒன்றுதான். ஹப்ஸா தும்புத்தடியைப் போட்டுவிட்டு, மதிலோரம் கிடந்த புல்லை அள்ளி நீட்டினாள். அது தின்றது, அவள் அழுதாள். அந்த நேரம் பார்த்து வாசலுக்கு வந்த சொய் படம் எடுத்தார். அன்று பின்னேரமே கூட்டம் கலைந்தது. எழுத்துப் பிழை பிழையாகவே நின்றது.

"ஒரு நாள் பொறுத்திருக்கலாமே ராத்தா," என்று நௌஷாட் தலையில் கைவைத்தான்.

"ஏலாமப் போயிட்டு தம்பி," என்றாள்.

அதிலிருந்து ஒவ்வொரு மாதமும் இருபத்தைந்தாம் திகதி கழுதையின் தீனிச் செலவு வந்துவிடுகிறது. பஹ்மி அனுப்பியதிலும் அது கொஞ்சம் கூடுதல். அதில் ஹப்ஸா சோறாக்குகிறாள், கரண்டுக்குக் கட்டுகிறாள், மகளை வகுப்புக்கு அனுப்புகிறாள். கழுதை உயிரோடு இருக்கிறது என்று கிராம சேவகர் எழுதித் தரும் ஒரு வரியை வங்கி ஒரே நாளில் ஏற்றுக்கொள்கிறது. பஹ்மி உயிரோடு இல்லை என்பதற்கு அவள் அனுப்பிய கடதாசிகள் இன்னும் பரிசீலனையில் இருக்கின்றன. அவனுடைய பிறந்த நாளுக்கு, பெறுமதிமிக்க வாடிக்கையாளரை வாழ்த்தி அவளுடைய தொலைபேசிக்குச் செய்தி வந்தது.

இந்த வருடம் வங்கியின் ஆண்டறிக்கை தபாலில் வந்தது, வழுவழுப்பான தாளில். நடுப்பக்கம் முழுக்கக் கழுதை. அதன் வாய்க்குப் புல் கொடுக்கும் ஒரு கை மணிக்கட்டு வரை படத்தில் விழுந்திருந்தது. பக்கத்து வீட்டு நஸீறா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது ஒன்ட கையா புள்ள?"

"ஓம்," என்றாள் ஹப்ஸா. பகல் தீனிக்கு நேரமாகியிருந்ததால் அரிவாளை எடுத்துக்கொண்டு வாவிக்கரைக்குப் போனாள்.