‘வரைந்தவர்’ என்ற கட்டம்

என் அண்ணனுக்கு வக்கீலாக இருப்பதைவிட நாலு கொலைக் கேஸ் நடத்திவிடலாம். எதைக் கேட்டாலும் “அதெல்லாம் பாத்துக்கலாம்” என்பான்.

அன்று மதியம் மூன்று மணிக்கு அவன் வீட்டு ஹாலில் அண்ணன், அண்ணி, நான், எதிர்த்தரப்பு வக்கீல் என நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். ஒப்பந்தம் பதினோரு பக்கம். நாலு மணிக்குள் கையெழுத்தாகாவிட்டால் விற்பனை ரத்து.

விஷயம் இதுதான். ஜன்னலோரம் ஈரத்தலையோடு நிற்கும் ஒரு பெண்ணின் டிஜிட்டல் ஓவியத்தை, மூன்று வருடத்துக்கு முன்னால் அண்ணன் பிளாக்செயின் என்ற, எழுதினால் அழிக்க முடியாத இணையப் பதிவேட்டில் டோக்கனாக, அதாவது உடைமைச் சீட்டாக, விற்றான். வாங்கியவர் இப்போது அதை ஒரு கம்பெனிக்குக் கைமாற்றுகிறார். டோக்கன் கைமாற யார் அனுமதியும் வேண்டாம். ஆனால் டோக்கனோடு பதிப்புரிமையும் கூடவே போய்விடாது, அது வரைந்தவரிடமே இருக்கும். கம்பெனிக்கோ அந்தப் பெண்ணைப் பைகளிலும் சுவர்களிலும் அச்சடிக்க ஆசை. அதற்குத்தான் இந்தக் கையெழுத்து. அந்த ஒரு படத்தால் அண்ணன் பேர்பெற்ற ஓவியன் ஆனான். அவன் தங்கை என்று நானும் போகிற இடமெல்லாம் பீற்றிக்கொள்வேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் ஒன்பதாவது பிரிவைப் படித்தார். “வரைஞ்சவர் இனிமே இந்தப் பெண்ணையோ, இதே சாயல்ல வேற படத்தையோ வரையக் கூடாது. சம்மதம்தானே சார்?”

“தாராளமா!” என்றான் அண்ணன்.

படைத்தவன் இப்படிப் பட்டென்று விட்டுக்கொடுப்பானா? எனக்குச் சுருக்கென்றது. அண்ணியைப் பார்த்தேன். மடியிலிருந்த டேப்லெட்டை இறுகப் பிடித்திருந்தார்.

“அப்புறம் ஒரு சம்பிரதாயம். வரையும்போது ஒவ்வொரு கோட்டையும் படம் வரையற ஆப்பே வீடியோவா எடுத்து வச்சிருக்கும்ல? அதை ஒரு தடவ போட்டுக் காட்டிடுங்க.”

அண்ணன் முகம் வெளுத்தது. “அது பழைய ஃபைல் சார். இருக்கான்னு தெரியல.”

“இருக்கு,” என்றார் அண்ணி. டேப்லெட்டை மேசையில் வைத்து வீடியோவை ஓடவிட்டார்.

வெற்றுத் திரையில் ஜன்னல் வந்தது, தோள் வந்தது, கூந்தல் வந்தது. திடீரென்று மேல் மூலையில் சிவப்பில் ஒரு கிறுக்கல். வக்கீல் வீடியோவை நிறுத்தினார். ‘8 மணி 101.2. 10 மணி 102, சிரப் குடுத்தாச்சு. 12 மணி 100.4.’

“இது என்னது?”

“நான்தான் எழுதினேன் சார். அன்னிக்கு எங்க குழந்தைக்குக் காய்ச்சல், கையில பேப்பர் இல்ல. அப்புறம் அழிச்சிட்டேன்,” என்றான் அண்ணன். நரம்பில்லாத நாக்கு எதையும் பேசும்.

வக்கீல் திருப்தியாகத் தலையாட்டினார். ஆனால் அந்த எண்கள் எனக்குத் தெரியும். அந்த வாரம் அண்ணன் வெளியூரில் இருந்தான். இரண்டு மணிக்கு ஒருதரம் போன் போட்டு, காய்ச்சல் எவ்வளவு என்று அண்ணியிடம் கேட்டவள் நான். ஒரு கையால் குழந்தையைத் தட்டிக்கொண்டே மறு கையால் அண்ணி வரைந்திருக்கிறார். மூன்று வருடமாக நான் பீற்றிக்கொண்டது அண்ணியின் திறமையை. அவமானமாக இருந்தது. அதைவிடக் கோபம்.

அண்ணனைச் சமையலறைக்கு இழுத்துப் போனேன். “யாரு வரைஞ்சது?”

“கத்தாத. புருஷன் பேர்ல இருந்தா என்ன, பொண்டாட்டி பேர்ல இருந்தா என்ன?”

“அப்ப அண்ணி பேர்லயே இருந்திருக்கலாமே?”

அவன் கதவை மெல்லச் சாத்தினான். பிறகு கெஞ்சினான். “இப்ப வெளிய வந்தா நான் செத்தேன். பிளாக்செயின்ல என் பேரை அழிக்கக்கூட முடியாது. நீ எனக்குத்தானே வக்கீல்?”

அவனுக்குத்தான். கட்சிக்காரன் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது. பொய்யென்று தெரிந்த ஒப்பந்தத்துக்குத் துணைபோகவும் கூடாது. ஹாலுக்கு வந்து பேனாவை மூடிப் பையில் போட்டேன்.

“நான் இதுலேருந்து விலகிக்கிறேன் சார். காரணம் கேக்காதீங்க.”

“மேடம், இன்னும் பதினஞ்சு நிமிஷம்தான் இருக்கு!”

“அவ கெடக்கா, குடுங்க சார்,” என்று அண்ணன் காகிதத்தை இழுத்தான். ‘வரைந்தவர்’ என்ற கட்டத்தில் பேனா பட்டது. அண்ணி அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

“அதே பொண்ண இன்னும் அஞ்சு படம் வரைஞ்சு வச்சிருக்கேன். ஆறாவது பாதியில நிக்குது. அதையும் நிறுத்திடணுமா?”

“நீங்க எதுக்கும்மா நிறுத்தணும்?” என்று ஆரம்பித்த வக்கீல் பாதியிலேயே வாயை மூடிக்கொண்டார். அவருக்கும் புரிந்துவிட்டது.

“என் பேர் போடலன்னு ஒரு நாளும் நான் கேட்டதில்ல,” என்றார் அண்ணி. “நான் வரையக் கூடாதுன்னு எழுதிக் குடுக்க இவர் யாரு?”

அண்ணன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். வக்கீல் காகிதங்களை அடுக்கினார். “யாரு வரைஞ்சதுன்னு முடிவு பண்ணிட்டுக் கூப்பிடுங்க.”

“முடிவு பண்ண என்ன இருக்கு? நான்தான் வரைஞ்சேன். விக்கறதா இல்ல.”

அவர் போனதும் அண்ணி என் பக்கம் திரும்பினார். “எனக்கு ஒரு வக்கீல் வேணும்.”

“நான் வர முடியாது அண்ணி. அண்ணனுக்கு வக்கீலா இருந்தவ நான்.”

“தெரியும். உன்னைவிட நல்லா சண்டை போடற ஆள் யாருன்னு சொல்லு.”

கோர்ட்டில் என்னை இரண்டு முறை தோற்கடித்த ஒருத்தியின் எண்ணை, அண்ணன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுதிக் கொடுத்தேன்.