மூன்றாவது பதில்

திங்கள்

இன்று எல்லாக் கம்ப்யூட்டரும் எழும்பின. முதலில் அதை எழுதிவிடுகிறேன். மற்றதை எழுதத் தொடங்கினால் இது மறந்துபோகும்.

வில்பிரட் அண்ணாச்சியின் கோச்சிங் சென்டரில் பகலில் கப்பல் வேலைக்குப் போகும் பையன்கள் படிக்கிறார்கள். சாயங்காலம் அதே ஹாலில் எங்களுக்கு நெட்வொர்க்கிங் வகுப்பு. அங்கே இருக்கும் கம்ப்யூட்டர் எதிலும் ஹார்டு டிஸ்க் கிடையாது. பையன்கள் கண்ட பென் டிரைவையும் சொருகிக் கெடுத்ததால் அண்ணாச்சி எல்லாவற்றையும் கழற்றிவிட்டார். இனி சுவிட்சைப் போட்டதும் அவை மூலையில் இருக்கும் சர்வரிலிருந்து நெட்வொர்க் வழியாகவே எழும்ப வேண்டும். அடுத்த திங்கட்கிழமை பையன்களுக்கு மாதிரித் தேர்வு. அதற்கு முன் சனிக்கிழமை அண்ணாச்சி வந்து பார்ப்பார். அன்றைக்கே லேபைப் பார்த்துக்கொள்ள எங்கள் வகுப்பிலிருந்து ஒருவரை வேலைக்கு எடுப்பார். எங்களுக்குப் பாடம் எடுக்கும் சண்முகசுந்தரி மேடம் எனக்கும் ஷெர்லினுக்கும் மட்டும் இதைச் சொன்னார்.

எனக்கு அந்த வேலை வேண்டும். ஐஸ் பேக்டரியில் பில் போடுகிறேன். ஈரத்தரையில் நின்று நின்று கால்விரல் இடுக்கில் புண் ஆறுவதே இல்லை.

வேலையில் ஒரு சிக்கல் இருந்தது. கட்டிடம் முழுவதற்கும் முகவரி கொடுக்கும் ரவுட்டர் மாடியில், கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் இருக்கிறது. அதைத் தொட விடமாட்டார்கள். அதனால் எங்கள் சர்வரில் ப்ராக்ஸி டிஹெச்சிபி வைத்தேன். சுவிட்சைப் போட்டதும் கம்ப்யூட்டர், எனக்கு முகவரி என்ன, நான் எங்கிருந்து எழும்ப வேண்டும் என்று நெட்வொர்க் முழுக்கக் கேட்கும். முகவரியை மாடி ரவுட்டர் கொடுக்கும். ப்ராக்ஸி முகவரி பக்கமே போகாது. இந்த சர்வருக்குப் போ, எழும்ப இந்த பூட் ஃபைலை எடு என்று வழி மட்டும் சொல்லும். இரண்டு பதிலையும் சேர்த்துக்கொண்டு கம்ப்யூட்டர் எழும்பும். இன்று பழையதும் புதியதுமாக வரிசை வரிசையாக எழும்பின.

"பரவால்ல ரீனா. கேபிளுக்கெல்லாம் லேபிள் ஒட்டிட்டியா?" என்றார் மேடம்.

அப்போதுதான் ஷெர்லின் உள்ளே வந்தாள். வேம்பார்க்காரி. இங்கே சித்தி வீட்டில் தங்கிப் படிக்கிறாள். வகுப்பு தொடங்கி வெகு நேரமாகியிருந்தது. லேப்டாப்பை மட்டும் வழக்கம்போல முந்தின வகுப்பிலிருந்தே மேஜையில் ஓடவிட்டுப் போயிருந்தாள்.

"சாப்ட்டியா ஷெர்லின்? முகம் வாடிக் கெடக்கு."

"சித்தி வீட்ல இன்னிக்கும் சூரை மீன்தான் மேடம். அது என்னப் பாத்து முழிக்கு, நான் அதப் பாத்து முழிக்கேன்."

எல்லாரும் சிரித்தார்கள். மேடம் தன் வடையில் பாதியைப் பிட்டுக் கொடுத்தார். நானும் பேக்டரியிலிருந்து சாப்பிடாமல்தான் வந்திருந்தேன். அதை யாரும் கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை. எல்லாக் கேபிளும் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்சுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு கேபிளுக்கும் லேபிள் ஒட்டினேன்.

செவ்வாய்

ஒரு வேலை ஒழுங்காக நடந்தால் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது. கேபிளில் போகிற வருகிற செய்திகளைப் பிடித்துக் காட்டும் புரோகிராம் ஒன்று இருக்கிறது. அதை ஓடவிட்டு, ஜன்னலோரம் இருந்த ஒரு பழைய கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன்.

அது கேட்டது. மாடி ரவுட்டர் பதில் சொன்னது. என் சர்வர் பதில் சொன்னது. அதன்பின் மூன்றாவதாக ஒரு பதில் வந்தது. அதுவும் என் சர்வரைப் போலவே வழி சொன்னது.

எங்கிருந்து என்று ஸ்விட்சில் தேடினேன். என் கையாலேயே 'ஷெர்லின் லேப்டாப்' என்று லேபிள் ஒட்டிய கேபிள்.

கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். சந்தோஷம்தான் வந்தது. அவளிடம் கேட்டால் உடனே கழற்றிவிடுவாள், அதோடு விஷயம் முடிந்துவிடும். அதனால் கேட்கவில்லை. வேறு எந்தக் கம்ப்யூட்டரையும் சோதிக்கவும் இல்லை. பார்த்ததைச் சேமித்துக்கொண்டேன்.

"ஏளா ரீனா, அப்படி என்னத்தப் பாக்க? படமா ஓடுது?" என்று ஷெர்லின் எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா இந்தச் சிரிப்பு."

நான் சிரித்துக்கொண்டிருந்தது எனக்கே தெரியவில்லை.

வியாழன்

வகுப்பு நிறைந்திருந்தபோது புரொஜெக்டரில் போட்டுக் காட்டினேன். மூன்று பதில்களும் சுவரில் பெரிதாகத் தெரிந்தன.

"இந்த மூணாவது யாரு மெஷினு?" என்றார் மேடம்.

"தெரியல மேடம். கேபிளப் பாத்தாத் தெரியும்" என்றேன். தெரிந்துகொண்டேதான் சொன்னேன். மேடமே போய் லேபிளை எடுத்துப் படிக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். அதற்குள் ஷெர்லின் எழுந்துவிட்டாள்.

"அது நம்மளுதுலா. பிராக்டிஸுக்குப் போட்டேன் மேடம். லேப்டாப்ப ஆன் பண்ணுனாலே தானா ஓட ஆரம்பிச்சிரும் போல. மறந்தே போய்ட்டேன்."

"ஒரே நெட்வொர்க்ல ரெண்டு பேரு வழி சொன்னா அது யாரு பேச்சக் கேக்கும்? பரீட்சை அன்னிக்கு இப்படி இருந்தா என்ன செய்வ?"

ஷெர்லின் கேபிளை உருவினாள். "எங்கூடயே இருந்து இதுவும் கெட்டுப் போச்சு மேடம். யாரும் கேக்காமலே வாயத் தொறக்கு."

சிரிப்பு. மேடமும் சிரித்தார். தப்பு செய்தவளுக்கும் சிரிப்புதான் கிடைக்கிறது. கண்டுபிடித்தவளிடம் "புரொஜெக்டர ஆஃப் பண்ணிரு ரீனா" என்றார்.

எதையாவது மாற்றினால் எல்லாவற்றையும் அணைத்துப் போட்டுப் பார்ப்பது என் பழக்கம். இன்று பார்க்கவில்லை. எல்லாம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. ஷெர்லினுக்கு இனி அந்த வேலை கிடைக்காது என்ற நினைப்போடு சீக்கிரம் வீட்டுக்குப் போக ஆசையாக இருந்தது.

சனி

நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன். நேற்று வகுப்பு இல்லை, கம்ப்யூட்டரை யாரும் போடவில்லை.

அண்ணாச்சி வந்ததும் மெயின் சுவிட்சைப் போட்டோம். பழைய கம்ப்யூட்டர்கள் எழும்பின. புதியவை ஒன்றும் எழும்பவில்லை. பூட் ஃபைல் பெயர் வரவில்லை என்று கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, வரிசை முழுக்க ஒரே மாதிரி.

அண்ணாச்சி கப்பலில் இன்ஜின் ரூமில் இருந்தவர். "கரைலயே ஸ்டார்ட் ஆவலன்னா கடல்ல என்னத்துக்கு ஆவும்?" என்றார். பிறகு அவருக்கு போன் வந்தது. பேசிக்கொண்டே ஜன்னல் பக்கம் போனார். ரவுட்டரில் ஏதும் மாற்றினார்களா என்று கேட்க மேடம் மாடிக்கு ஓடினார்.

நான் ஒரு புதிய கம்ப்யூட்டரைச் சோதித்தேன். அது கேட்டது. ரவுட்டர் முகவரி கொடுத்தது. அதற்குமேல் எந்தப் பதிலும் இல்லை. என் சர்வர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. என் சர்வர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பழைய கம்ப்யூட்டருக்கெல்லாம் பதில் சொல்லியிருந்தது. சர்வரை அணைத்துப் போட்டேன். கேபிளை மாற்றினேன். மறுபடி கேட்டது. மறுபடி ரவுட்டர் மட்டும்தான்.

திங்கட்கிழமை இவை எல்லாம் எழும்பினவே என்று யோசித்தேன். அன்றைக்கு இருந்து இன்றைக்கு இல்லாதது ஒன்றே ஒன்றுதான்.

ஷெர்லின் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து குனிந்தாள். "ஏளா, புதுசுக்குச் செட்டிங்ல தனி வரி போட்டிருக்கேல்லா?"

"என்ன வரி?"

"இது வேற வகைலா. பழசு பயாஸ், புதுசு யுஇஎஃப்ஐ. கேக்கும்போதே நான் இன்ன வகைன்னு சொல்லுது பாரு. அதுக்கு வேற பூட் ஃபைலு. உன் செட்டிங்கத்தான் நான் அப்படியே காப்பி பண்ணுனேன். அதுல என் பக்கத்து மெஷினு எழும்பல. சரின்னு ஒரு வரி சேத்தேன். ஃபைலு மேடம் போட்டது, நம்ம சர்வர்லயே கெடக்கு. நீயும் சேத்திருப்பேன்னுல்லா நெனச்சேன்."

அவள் குத்திக்காட்டவில்லை. அவளுக்கு அது சொல்லும்படியான வேலையாகவே தோன்றவில்லை. திங்கட்கிழமையிலிருந்து புதிய கம்ப்யூட்டர்களுக்கு வழி சொன்னது அவள் லேப்டாப். சூரை மீனைப் பற்றிப் பேசிக்கொண்டு, வடை தின்றுகொண்டு, தனக்கே தெரியாமல் என் வேலையில் பாதியைச் செய்திருக்கிறாள். அதைத்தான் நான் எல்லார் முன்னாலும் கழற்ற வைத்தேன்.

"என் லேப்டாப்ப மாட்டிருவமா?" என்றாள்.

"வேண்டாம். வரியச் சொல்லு."

அவள் சொல்ல நான் தட்டினேன். ஒரு கமாவை விட்டுவிட்டேன். "அங்கன ஒரு கமா" என்று விரலால் காட்டினாள். மெயின் சுவிட்சை மறுபடி போட்டோம். இந்த முறை புதியவைதான் முதலில் எழும்பின.

அண்ணாச்சி போனைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். கீபோர்டில் என் கை இருந்தது. ஷெர்லின் தள்ளி நின்று திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீதான் சரி பண்ணுனியாம்மா? அப்ப இந்தப் பிள்ளையே இருக்கட்டும்" என்றார், அப்போதுதான் மாடியிலிருந்து இறங்கிய மேடத்திடம்.

"ரீனா பொறுப்பான பிள்ள அண்ணாச்சி" என்றார் மேடம்.

ஷெர்லின் வாயைத் திறக்கவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் அவளை வெறுப்பது சுலபமாக இருந்திருக்கும். கேட்காமலே பேசுகிறவள், பேச வேண்டிய இடத்தில் சும்மா நின்றாள். இந்த ஒன்றிலாவது அவள் என்னைவிடச் சிறியவளாக இருந்திருக்கக் கூடாதா?

"இந்த வரி ஷெர்லின் சொன்னது அண்ணாச்சி. இத்தன நாளும் புதுசெல்லாம் எழும்புனது அவ லேப்டாப்பாலதான். எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்" என்றேன்.

"அப்ப நீ என்ன செஞ்ச?"

"பழச எழுப்புனேன்."

அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். மேடமும் சிரித்தார். நான் சொன்னதற்கு யாராவது சிரித்தது இதுதான் முதல் தடவை. "அப்பச் சரி. புதுச எழுப்புனவளே இருக்கட்டும்" என்றார்.

உண்மை என்பதால் சொன்னேனா என்று இப்போதும் யோசிக்கிறேன். மேடம் செட்டிங்கைத் திறந்தால், அந்த வரி இன்றுதான் சேர்ந்தது என்று தெரிந்துவிடும். அந்தப் பயமும் இருந்தது. இரண்டில் எது முந்தியது என்று கண்டுபிடிக்க என்னிடம் புரோகிராம் இல்லை. சொல்லிவிட்டால் பொறாமை கொஞ்சம் அடங்கும் என்று நினைத்தேன். அடங்கவில்லை. இனி அவள் உட்காரப்போகும் நாற்காலி எதுவென்றும் தெரியும். ஜன்னலோரம், மின்விசிறிக்குக் கீழே, காய்ந்த தரை.

வாசற்படியில் இறங்கும்போது ஷெர்லின் என் கையைப் பிடித்தாள்.

"ஏன்ளா சொன்ன? நான் கேட்டனா?"

"கேக்கல."

"திங்கக்கெழம காலைல வாரியா? பயலுவ எல்லாம் ஒண்ணா சுவிட்சப் போடுவானுவ. தனியா நிக்கப் பயமாருக்கு."

"பேக்டரில லீவு கேட்டுப் பாக்குதேன்."

கேட்பேன். போய் அவள் பக்கத்தில் நிற்கவும் செய்வேன். ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் எழும்பாவிட்டால் முதலில் ஓடுவது நானாகத்தான் இருப்பேன். ஒன்றாவது எழும்பாமல் இருக்க வேண்டும் என்றுதான் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.