பச்சைக் குடம் அழுத வருஷம்

அற்புதமேரி வீட்டுப் பச்சைக் குடம், மூடியைத் திறந்தால் அழும் என்பது மாசி மாதமே காம்பவுண்டு முழுக்கத் தெரிந்துவிட்டது. அருப்புக்கோட்டையில் நல்ல தண்ணீர் வாரம் தாண்டித்தான் வருகிறது என்பதால் வீட்டுக்கு வீடு குடங்களை வரிசையாக நிரப்பி வைத்திருப்பார்கள். மற்ற குடங்கள் சும்மா இருந்தன. பச்சைக் குடம் மட்டும் மூன்று வயதுப் பிள்ளையின் குரலில் தேம்பித் தேம்பி அழுதது. குழாயில் காற்று அடைத்திருக்கும் என்றார் தண்ணீர் திறந்துவிடுகிறவர். அடுத்த வீட்டு ரசூல் பீவி, "கொடத்துக்குப் பல்லு மொளைக்குது போல" என்று சிரித்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள்.

அந்த வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை ஒன்று இருந்தது. பெயர் ஈவா. ஆனால் அவள் அழுகிறவள் இல்லை. அப்பா கிறிஸ்டோபர் தூத்துக்குடி லாரியில் போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. அம்மா அற்புதமேரிக்கு நூல் மில்லில் காலை ஷிப்ட். விடியுமுன் வேன் வந்து ஹாரன் அடிக்கும். "கடைக்குப் போயி முட்டாய் வாங்கிட்டு ஓடியாரேன்" என்று சொல்லி, பிள்ளையை ரசூல் பீவியிடம் விட்டுவிட்டு நழுவிவிடுவாள். வேலைக்குப் போகிற அம்மாக்கள் எல்லாரும் செய்கிறதுதான். முதலில் ஈவா கத்தித் தீர்த்தாள். "நல்ல புள்ளைக அழுமா?" என்று கேட்டுக் கேட்டே பொங்கலுக்குள் நிறுத்திவிட்டார்கள். தங்கமான பிள்ளை என்று காம்பவுண்டே மெச்சியது. களைத்து வருகிற அற்புதமேரிக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது.

குடம் அழ ஆரம்பித்தது அதற்குப் பிறகு. அற்புதமேரி அந்தத் தண்ணீரை முருங்கைக்கு ஊற்றிவிட்டுப் பார்த்தாள். புதுத் தண்ணீரும் மறுநாளே அழுதது. சரி, கிடக்கட்டும் என்று அதில் மோந்தே உலை வைத்தாள். உப்பு மட்டும் போட வேண்டியிருக்கவில்லை.

பங்குனியில் ஒருநாள் ஈவா வாசலில் விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டாள். அற்புதமேரி பதறிப்போய்க் கையை நீட்டிக்கொண்டு ஓடினாள். பிள்ளை அவளைத் தாண்டிப் போய், பச்சைக் குடத்தின் மூடியைத் திறந்து, குடம் அழுது முடிக்கிறவரை நின்று, மூடிவைத்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். இனிமேல் பிள்ளைக்கு அம்மா வேண்டியதில்லை, குடம் போதும் என்பது அப்போதுதான் அற்புதமேரிக்கு உறைத்தது.

மறுநாள் அவள் நழுவவில்லை. பிள்ளையை எழுப்பி எதிரே உட்கார்ந்தாள். "அம்மா முட்டாய் வாங்கப் போகலத்தா. மில்லுக்குப் போறேன். தெனமும் பொய் சொல்லிட்டேன். நீ மத்தியானம் தூங்கி முழிக்கையில வந்துருவேன். அழுகை வந்தா அழு."

ஈவா அவள் வாயையே பார்த்தாள். பிறகு சேலையைப் பிடித்துக்கொண்டு காம்பவுண்டே எழுந்திருக்கும்படி அழுதாள். வேன் டிரைவர் அய்யப்பன் ஹாரனை அடித்து ஓய்ந்து போய்விட்டார். ஒரு நாள் வேலை போனது. அதோடு தீர்ந்தும் விடவில்லை. சித்திரை முழுக்க ஒவ்வொரு விடியலும் இதே கதைதான், அற்புதமேரி மில்லில் நின்றுகொண்டே தூங்கினாள். ஆனால் விழுந்தால் ஈவா அவளிடம்தான் ஓடிவந்தாள். குடத்துத் தண்ணீர் சப்பென்று ஆகிவிட்டது.

ஆடியில் பின்கட்டுச் சிமெண்டுத் தொட்டி அழத் தொடங்கியது. பெரிய ஆளின் குரல், வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற மாதிரி. காம்பவுண்டுப் பெண்களுக்கு அது யார் குரல் என்று தெரிந்தது, அவரவர் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள். அற்புதமேரி காதில் விழாதவள் போலச் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஈவா முந்தானையைப் பிடித்து இழுத்து அவளைத் தொட்டி ஓரத்தில் உட்கார வைத்தாள்.

"இது ஒன்னோடதும்மா," என்றாள். "வேன் நிக்கட்டும். அழுதுட்டுப் போ."

வெளியே அய்யப்பன் இன்ஜினை அணைத்துவிட்டு பீடியைப் பற்ற வைத்தார்.