‘நிசமாவா?’ என்று கேட்ட புரோகிராம்

எங்கள் மெயில் புரோகிராமில் ஒரு பக், அதாவது பிழை, இருந்தது. அதற்கு ஏழாம் மாடியில் தனி அறை கொடுத்திருந்தார்கள். கதவில் அதன் எண் எழுதியிருந்தது. உள்ளே மேஜை, நாற்காலி, ஏசி எல்லாம் இருந்தன. பக் மட்டும் வரவில்லை.

அதை வரவைப்பது என் வேலை. நான் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். என்ன செய்தால் பக் வருகிறது என்று நாங்கள் காட்டினால்தான் திருத்துகிறவர்கள் கை வைப்பார்கள். வராத பக்கைத் திருத்த முடியாது. இல்லை என்று சொல்லி மூடவும் முடியாது.

உலகத்திலேயே ஒருவருக்குத்தான் அது வந்தது. அவர் பெயர் பெனடிக்டா. தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். தன் தம்பி ஜெரோமுக்கு ஒரே ஒரு வரி எழுதினார்: ‘இனிமேல் எனக்கு எழுதாதே.’ அனுப்பு என்று அமுக்கினார். புரோகிராம் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து கேட்டது: ‘நிசமாவா, அக்கா?’ கீழே ஆமாம், இல்லை என்று இரண்டு பட்டன்கள். அவர் பயந்துபோய் இல்லை என்பதை அமுக்கினார். மறுநாளும் அப்படியே ஆனது. அதற்கு அடுத்த நாளும்.

எங்கள் புரோகிராமில் அந்தக் கேள்வி கிடையாது. நிரலை முழுக்கத் தேடினேன். அக்கா என்ற சொல்லே அதில் இல்லை.

என் மேலாளர் வைகுண்டம் பெனடிக்டாவை வரவழைத்தார். கம்ப்யூட்டரோடு வரச் சொன்னார். பிறகு மேஜையோடு. பக் எதை நம்பி வருகிறது என்று யாருக்கும் தெரியாது. வீட்டு ஜன்னலைத் திறந்தால் உப்பளம் தெரியும் என்று பெனடிக்டா சொன்னார். கட்டடப் பிரிவு எங்கள் ஜன்னலுக்கு வெளியே உப்பளம் ஏற்பாடு செய்தது. ஏழாம் மாடியில் வெயில் அதிகம். உப்பு வாருகிறவர்கள் தலையில் துண்டு போட்டுக்கொண்டு வேலை செய்தார்கள்.

“இப்போ அனுப்புங்கம்மா,” என்றார் வைகுண்டம்.

“எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கியளே.”

“பாக்கத்தானே வந்தோம்.”

அவர் அமுக்கினார். பெட்டி வரவில்லை. மெயில் போய்விட்டது.

பெனடிக்டா திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “போயிட்டா?”

“போயிடுச்சுக்கா.”

“திரும்ப வாங்க முடியுமா?”

“முடியாது.”

அவர் கைப்பையைத் திறந்து கைக்குட்டையைத் தேடினார். கிடைக்கவில்லை. பையை மூடிக்கொண்டார்.

வைகுண்டம் ஏதோ சொல்ல வாயெடுத்து அப்படியே நின்றார். அவருக்கு அடிக்கடி இப்படி ஆகும். தலைக்கு மேல் சின்ன வட்டம் ஒன்று சுற்றும். நாங்கள் காத்திருப்போம். வட்டம் நின்றதும் அவர் சொன்னார்: “எல்லாரும் அனுப்பிப் பாருங்க. அதே வரி. அதே முகவரி.”

பிரிவில் இருந்த எல்லோரும் ஜெரோமுக்கு எழுதினோம், இனிமேல் எனக்கு எழுதாதே என்று. நானும் எழுதினேன். யாருக்கும் பெட்டி வரவில்லை. மெயில்கள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. எங்கள் புரோகிராம் அந்த விஷயத்தில் நல்ல புரோகிராம்.

ஜெரோம் வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், பெரிய உருவம். வாசலில் அவரை உள்ளே விடவில்லை. மெயில் வந்து சேர்ந்த ஆள் அவர்தான் என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். அவர் முகத்தைக் காட்டினார். அது போதும் என்று விட்டுவிட்டார்கள்.

“எனக்கு எழுதாதேன்னு எழுதுனது யாரு?” என்றார்.

நாங்கள் எல்லோரும் கையைத் தூக்கினோம்.

அவர் எங்களைக் கண்டுகொள்ளவில்லை. அக்காவிடம் போனார். “இதுல உன்னுது எது?”

“மொதல்ல வந்தது.”

“ஏன்க்கா?”

“அத்தான் செத்ததுக்கு நீ வரலைல்லா. மறுநாள் ஒரு படம் அனுப்புன. பூங்கொத்து.”

ஜெரோம் நின்றுகொண்டே இருந்தார். “வர பயமா இருந்துச்சி. அவர அப்படிப் பாக்க முடியாதுக்கா என்னால.”

“நான் பாத்தேன்லா,” என்றார் பெனடிக்டா.

வெளியே உப்பு வாரும் சத்தம் கேட்டது. யாரோ ஜெரோமுக்கு நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: “ஆனா உன்னுதப் படிச்சப்ப ஒண்ணும் தோணல. நீ கோவமா இருக்கேன்னு நெனச்சேன், அவ்வளவுதான். நாலாவதா ஒண்ணு வந்துது. அதப் படிச்சப்பதான் கெளம்பி வந்தேன். அத எழுதுன ஆளு வெளையாட்டுக்கு எழுதல.”

வைகுண்டம் பதிவுகளைப் பார்த்தார். நாலாவது என்னுடையது.

“பூவரசன்,” என்றார். “அதை யாருக்கு எழுதினீங்க?”

“ஜெரோமுக்குத்தான் சார்.”

“முகவரியைக் கேக்கலை.”

“அப்பாவுக்கு.”

என் அப்பா நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது வீட்டை விட்டுப் போனார். ஓசூரில் அவருக்கு இன்னொரு குடும்பம் இருந்தது. அம்மாவும் நானும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. வயதான பிறகு அவர் எப்படியோ மெயில் அனுப்பக் கற்றுக்கொண்டார். தினமும் காலையில் ஒன்று வரும். வேலியில் பீர்க்கங்காய் காய்த்திருக்கிறது. முழங்கால் வலி பரவாயில்லை. தெருநாய் குட்டி போட்டிருக்கிறது. மன்னிப்பு, வருத்தம் என்று எதுவும் அதில் இருக்காது. நான் எல்லாவற்றையும் படிப்பேன். ஒன்றுக்கும் பதில் போட்டதில்லை.

“முகவரியை மாத்துங்க,” என்றார் வைகுண்டம்.

“சார், இது சொந்த விஷயம்.”

“பக் அங்கேதான் இருக்கு. நான் என்ன பண்ணட்டும்?”

அவர் குரலில் அதிகாரம் இல்லை. என் தோளில் கை வைத்தார். அது இன்னும் சங்கடமாக இருந்தது.

நான் உட்கார்ந்தேன். அப்பாவின் முகவரியைப் போட்டேன். ‘இனிமேல் எனக்கு எழுத வேண்டாம்’ என்று டைப் செய்தேன். அப்பா என்று ஆரம்பிக்கலாமா என்று யோசித்தேன். ஆரம்பிக்கவில்லை. அனுப்பு என்பதை அமுக்கினேன்.

பெட்டி வந்தது.

‘நெசமாவா, தம்பி?’

அப்பா என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

அறையில் யாரும் கை தட்டவில்லை. பிழை திருத்துகிறவர்கள் மற்ற மாடிகளிலிருந்து வந்து வரிசையில் நின்றார்கள். வரிசைக்கு இடம் போதாமல் வராந்தா நீண்டது. ஒவ்வொருவராக வந்து, திரையைப் பார்த்து, தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்தார்கள்.

“கூப்பிடற முறை ஆளுக்கு ஆள் மாறுது,” என்றார் வைகுண்டம். “யாராவது எழுதிக்கோங்க.”

“இப்பமாவது நம்புதியளா?” என்று பெனடிக்டா கேட்டார்.

“நம்பறோம்மா.”

“நான் பொய் சொல்லுதேன்னு ஒங்க ஆபீஸ்லருந்து போன்ல ஒரு பிள்ள சொல்லிச்சி.”

“மன்னிச்சிடுங்கம்மா.” வைகுண்டம் என் பக்கம் திரும்பினார். “ஆமாம்னு அமுக்குங்க. அதுக்கப்புறம் என்ன ஆகும்னு இதுவரைக்கும் யாருமே பாத்ததில்லை.”

என் விரல் மவுஸின் மேல் இருந்தது. நான் பெனடிக்டாவைக் கேட்டேன். “அக்கா, நீங்க ஏன் ஒவ்வொரு தடவையும் இல்லைன்னு அமுக்கினீங்க?”

“அது கேட்டுட்டுல்லா தம்பி. கேட்ட பெறவு மூஞ்சிக்கு நேரா எப்படி ஆமான்னு சொல்ல?”

ஜெரோம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஆமாம் என்பதை அமுக்கினேன். சோதனைக்காக அமுக்கியதாக அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். நான் அதற்காக அமுக்கவில்லை. அப்பா கேட்டார். எனக்கும் ஒரு பதில் இருந்தது. இத்தனை வருடத்தில் அவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி அது.

பெட்டி மூடிக்கொண்டது. மெயில் போனது. அடுத்த நொடி ஒரு வெள்ளைப் பக்கம் திறந்தது. புதிதாக மெயில் எழுதுகிற பக்கம். நான் திறக்கவில்லை. அதில் எழுத்துகள் வர ஆரம்பித்தன. விசைப்பலகையில் என் கை இல்லை.

‘கெடச்சது’ என்று வந்தது. அழிந்தது. ‘உன் அம்மா’ என்று வந்தது. அங்கே நெடுநேரம் நின்றது. ஒவ்வொரு எழுத்தாகப் பின்னோக்கி அழிந்தது. ஒற்றை விரலால் டைப் செய்கிற வேகம். ஒவ்வொரு எழுத்தையும் விசைப்பலகையில் தேடிக் கண்டுபிடிக்கிற வேகம்.

“இது வேற பக்,” என்று வைகுண்டம் மெதுவாகச் சொன்னார். “தனி எண் போடணும்.” சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டார். தலைக்கு மேல் வட்டம் சுற்றியது.

ஜெரோம் எழுந்தார். தூத்துக்குடியிலிருந்து வந்த கம்ப்யூட்டரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். “வாக்கா. அந்தாளு எழுதட்டும். நாம நின்னு பாக்கக் கூடாது.”

“மேசை?” என்றார் பெனடிக்டா.

“அதுக்கு நாளைக்கு வாரேன்.”

“வருவியா?”

“வருவேன்க்கா.”

அவர்கள் போனார்கள். வராந்தா மிகவும் நீண்டுவிட்டதால் சாயங்காலம்வரை தெரிந்தார்கள். பெனடிக்டா முன்னால் போனார். ஜெரோம் இரண்டடி பின்னால் போனார். வரிசையில் நின்றவர்களும் ஒவ்வொருவராக அவர்கள் பின்னாலேயே போய்விட்டார்கள்.

திரையில் ‘சறி’ என்று வந்தது.

நான் காத்திருந்தேன். அது அழியவில்லை. அவர் அதோடு முடித்துக்கொள்ளப் போகிறார் என்று தெரிந்தது. அப்பா எப்போதுமே அப்படித்தான் எழுதுவார், பெரிய ற போட்டு. நான் விசைப்பலகையை இழுத்து அதை அழித்தேன். ‘சரி’ என்று திருத்தினேன்.

அந்தப் பக்கம் அசைவு நின்றது. கர்சர் மட்டும் மின்னிக்கொண்டிருந்தது.

கீழே ஒரு சொல் வந்தது. ‘யாரு?’

கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

‘நான்தான்பா’ என்று அடித்தேன்.

ஒன்றும் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே உப்பு வாருகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு, ஒவ்வொரு எழுத்தாக, வந்தது.

‘இரு தம்பி. கண்ணாடிய எடுத்துட்டு வரேன்.’